வலிச்சா தட்டு

சரண்யாவுக்கு இந்த உலகத்திலேயே பிடிக்காத பொருள் செல்வகுமாரியின் கால்கள்தான். நீளமான கால்கள். மல்லாந்து படுத்தபடியே அவள் ஒரு காலைத் தூக்கிக் கழுத்தில் போடுவாள். மறு கால் வந்து பூட்டும். நடுவில் சரண்யாவின் கழுத்தும் ஒரு கையும் மாட்டிக்கொள்ளும். முக்கோணப் பிடி. காது கும்மென்று அடைக்கும், கொட்டகையின் தகரக் கூரை கறுத்துக்கொண்டே வரும். வேறு வழியில்லாமல் சரண்யா அவள் தொடையில் இரண்டு முறை தட்டுவாள். இவர்கள் பழகுகிற ஜியு-ஜிட்சு மல்யுத்தத்தில் தட்டினால், ‘தோற்றேன், விடு’ என்று அர்த்தம். தட்டியவளை அந்த நொடியே விட்டுவிட வேண்டும்.

செல்வகுமாரி விட்டுவிடுவாள். விட்டதோடு நிற்க மாட்டாள். “மூச்சு வுடுடி, மெதுவா மூச்சு வுடு” என்று நெஞ்சை நீவிவிடுவாள். கழுத்து நெரிந்ததைக்கூட சரண்யா பொறுத்துக்கொண்டாள். இந்த நீவிவிடுகிற வேலைதான் அவளுக்கு எரிந்தது.

கொட்டகை சரண்யாவின் அப்பா கமலக்கண்ணனுடையது. சுத்துக்கேணியில் கரும்புத் தோட்டத்தை ஒட்டி, டிராக்டரும் யூரியா மூட்டையும் கிடந்த இடம். மகளின் ஆசைக்காக அதைக் காலி பண்ணி நீல நிற மெத்தை விரித்துக் கொடுத்தார். ஒதியம்பட்டிலிருந்தும் செல்லிப்பட்டிலிருந்தும் பெண்கள் ஸ்கூட்டியில் வந்து பழகினார்கள். சொல்லிக் கொடுப்பவர் வீரமணி மாஸ்டர். போலீஸ் ஜூடோ டீமில் இருந்து முட்டி போய் வெளியே வந்தவர். அவருக்கு இருந்தது ஒரே சட்டம்: “வலிச்சா தட்டு. வலிக்காம தட்டுறவ வூட்லயே இரு.”

அந்தச் சட்டத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள் செல்வகுமாரி. அவள் அப்பா செல்லிப்பட்டு ஆற்றோரம் குத்தகைக்கு நெல் வைப்பவர். நடவு நாளில் விடியற்காலை வயலில் குனிந்துவிட்டு, சாயங்காலம் மெத்தையில் வந்து நாலு பேரைக் கவிழ்ப்பாள். உண்மையான வலி வந்தால் மட்டும்தான் தட்டுவாள். அப்படித் தட்டி யாரும் அதிகம் பார்த்ததில்லை.

போன வருஷம் தேசியப் போட்டியில், ஐம்பத்தேழு கிலோ எடையில், இருவருமே இறுதிக்கு வந்துவிட்டார்கள். இந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே கிளப் ஆட்கள் இறுதியில் சந்தித்தால் மோத மாட்டார்கள். தங்கம் யாருக்கு என்று மாஸ்டர் சொல்வார், மற்றவள் தொட்டவுடனே தட்டிவிடுவாள். மாஸ்டர் கொட்டகையை நினைத்துப் பார்த்தார், கொட்டகைக்காரரை நினைத்துப் பார்த்தார், சரண்யா என்றார். செல்வகுமாரி சிரித்துக்கொண்டே கை குலுக்கினாள், உட்கார்ந்தாள், தட்டினாள். சுவரொட்டியில் சரண்யா சிரித்தாள். ஆனால் சுத்துக்கேணி டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? “அவ விட்டுக் குடுத்து இவ வாங்கின தங்கம்பா அது” என்று அவள் காதுபடவே சொன்னார்கள்.

இந்த வருஷம் வந்தது ஆசியப் போட்டி, பாங்காக்கில். அந்த எடையில் இந்தியாவுக்கு ஒரே ஒரு இடம். விட்டுக்கொடுத்த தங்கமெல்லாம் செல்லாது, இரண்டு பேரும் சென்னைக்கு வந்து எங்கள் கண்ணெதிரே மோதுங்கள், ஜெயிப்பவள் போகட்டும் என்று கூட்டமைப்பு சொல்லிவிட்டது. கேட்டதும் செல்வகுமாரி குதித்தாள். சரண்யா குதிக்கவில்லை. அந்தக் கால்களிடம் அவள் ஜெயித்ததே கிடையாது.

அவளிடம் இருந்தது ஒரே ஒரு துருப்பு. அதை அவள் பெங்களூரிலிருந்து கொண்டுவந்திருந்தாள்.

அங்கே இரண்டு நாள் பயிற்சி முகாம். செல்வகுமாரியால் போக முடியவில்லை, அறுப்பு நேரம். வெளிநாட்டிலிருந்து வந்த கருப்பு பெல்ட்காரம்மா ஒருத்தி குதிகால் பிடியைச் சொல்லிக் கொடுத்தாள். எதிராளியின் காலைத் தன் இரண்டு கால்களுக்கு நடுவில் பூட்டி, பாதத்தை அக்குளில் இடுக்கி, குதிகாலை முழங்கை மடிப்பில் மாட்டித் திரும்ப வேண்டும். திருகுவது குதிகாலை, போவது முட்டி. கராத்தே உடுப்பு மாதிரி கனத்த அங்கி போட்டு ஆடும் போட்டிகளில் இதற்குத் தடை. வீரமணி மாஸ்டரோ, குதிகாலைத் தொட்டால் வெளியே போ என்பவர். அங்கி போடாமல் ஆடும் ஆசியப் போட்டியில் இது செல்லும்.

அந்தம்மா கடைசியாக ஒன்றைச் சொன்னாள். மற்ற பிடிகளில் வலி முன்னால் வரும், கேடு பின்னால் வரும். இதில் தலைகீழ். வலி தெரிகிறபோது முட்டிக்குள் எலும்பைக் கட்டியிருக்கும் நார் அறுந்திருக்கும். அதனால் குதிகால் மாட்டியது தெரிந்தவுடனே தட்டிவிடுங்கள், வலிக்காகக் காத்திருக்காதீர்கள். அங்கிருந்த பெண்களை நூறு முறையாவது தொட்டவுடன் தட்ட வைத்துப் பழக்கினாள்.

ஊருக்கு வந்ததும் செல்வகுமாரி ஓடிவந்து, “இன்னாடி கத்துக் குடுத்தாங்க?” என்று கேட்டாள்.

“எல்லாம் பழசுதான்டி. தண்டம்” என்றாள் சரண்யா.

அப்போதே அவள் எதையும் திட்டம் போட்டிருக்கவில்லை. அப்படித்தான் பிற்பாடு தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். திட்டம் இல்லாதவளுக்கு அந்தப் பொய் எதற்கு?

சென்னைக்குப் போக இரண்டு வாரம் இருந்தபோது ஒரு சாயங்காலம் மாஸ்டர் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒதியம்பட்டு சிந்துவும் மற்ற பெண்களும் சுவரோரம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சரண்யா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“செல்வி, பாங்காக்ல குதிகால் பிடி உண்டாம்டி. நமக்கு அது சுத்தமா தெரியாது. மாஸ்டர் வர்றதுக்குள்ள ஒருதரம் போட்டுப் பாக்கலாமா? யாரு போனாலும் உதவும்.”

“சரிடி. மொதல்ல நான் புடிக்கிறேன்” என்று செல்வகுமாரி உட்கார்ந்தாள். போனில் வீடியோ பார்த்த ஞாபகத்தில் சரண்யாவின் பாதத்தை அக்குளில் வைத்து, கையைக் குதிகாலுக்குக் கொண்டுபோனாள். கை சரியாக மாட்டக்கூட இல்லை. சரண்யா பட்பட்டென்று தட்டிவிட்டாள். பெங்களூரில் பழகிய கை, அவளைக் கேட்காமலே தட்டியது.

“இன்னாடி, இன்னும் புடிக்கவே இல்ல, அதுக்குள்ள தட்டிட்ட?” செல்வகுமாரி சிரித்தாள்.

“வலிச்சிதுடி” என்றாள் சரண்யா. “இப்ப என் முறை. வலிச்சா தட்டு, இன்னா?”

“அது தெரியாதா எனக்கு?”

சரண்யா பூட்டினாள். பாதம் அக்குளுக்குள் வந்தது, குதிகால் முழங்கை மடிப்பில் வாகாக உட்கார்ந்தது. மெதுவாக உடம்பைத் திருப்பினாள். முட்டியில் இருந்த தளர்ச்சி தீர்ந்து இறுகியதை அவள் கை உணர்ந்தது. இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் சென்னை, சென்னையில் அந்தக் கால்கள்.

“வலிக்குதா?”

“இல்லடி. சும்மா இழுக்கிற மாதிரி இருக்கு.”

“வலிச்சா தட்டு.”

“தட்றேன், நீ புடி.”

சரண்யா இன்னும் கொஞ்சம் திரும்பினாள். கரும்பை முட்டியில் வைத்து ஒடித்தால் வருமே, அந்தச் சத்தம் வந்தது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கப்புறம்தான் செல்வகுமாரி அலறினாள். தட்டவும் செய்தாள், பாவம், மெத்தையைப் போட்டு அடி அடியென்று அடித்தாள்.

சரண்யா ஓவென்று அழுதாள். அழுகை நிஜம்தான், அதில் பொய்யே இல்லை. ஓடிவந்த மாஸ்டரிடம், “வலிச்சா தட்டுன்னு சொல்லிகினேதான் மாஸ்டர் புடிச்சேன், இவங்கள வேணா கேளுங்க” என்றாள். கேட்டார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஆமாம்தானே? மாஸ்டர் குதிகாலைத் தொட்டதற்குத் திட்டினார். கொட்டகைக்காரர் மகள் என்பதால் அளவாகத் திட்டினார்.

முட்டிக்குள் இரண்டு நார் அறுந்திருந்தது. ஆப்பரேஷன் முடிந்த மறுநாள் சரண்யா ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனாள். செல்வகுமாரியின் அம்மா நாகம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ இன்னாம்மா பண்ணுவ? தட்டுன்னு அத்தினி வாட்டி சொல்லிக்கிற. இவளுக்குத்தான் திமிரு. வலிச்சா தட்ட வேண்டியதுதான?” மகளைப் பார்த்து முறைத்துவிட்டு, பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். சரண்யா அந்த டீயைக் குடித்தாள்.

கட்டிலிலிருந்து செல்வகுமாரி மெதுவாகச் சொன்னாள். “என் தப்புதான்டி. ஆனா சத்தியமா எனக்கு வலிக்கவே இல்ல. அது ஏன்னுதான் புரியல.”

“உனக்கு வலி தாங்குற உடம்புடி. அதான்” என்றாள் சரண்யா. பாராட்டு மாதிரி சொன்னாள். கேட்டவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி, “நீ நல்லபடியா ஜெயிச்சிட்டு வா” என்றாள். கல்லும் கரையும் என்பார்கள். சரண்யா கரையவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பினாள்.

சென்னையில் மோத ஆளில்லை, இடம் சரண்யாவுக்கே வந்தது. பாங்காக்கில் முதல் இரண்டு ஆட்டங்களும் அவளுடைய குதிகால் பிடியிலேயே முடிந்தன. எதிரே வந்தவர்கள் விவரமானவர்கள், மாட்டியவுடன் தட்டினார்கள், யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அரையிறுதியில் வந்தவள் மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கிக் கழுத்தில் போட்டாள். முக்கோணப் பிடி. இரண்டு மாதமாக அந்தப் பிடியைப் போட ஊரில் ஆள் இல்லை, சரண்யாவுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. தட்டினாள். அடுத்த ஆட்டத்தில் ஜெயித்து வெண்கலம் வாங்கினாள். முதல் மூன்று பேருக்கு உலகப் போட்டியில் இடம் உண்டு என்றார்கள். ஒரு தோல்வி கண்ணுக்குத் தெரியாமல் போக அது போதும்.

ஊர் திரும்பியபோது வில்லியனூரிலிருந்தே மேளம், பட்டாசு. வழியெல்லாம் பேனர். கொட்டகையில் மெத்தையைச் சுற்றி நாற்காலி போட்டு, கமலக்கண்ணன் வேட்டி மடிப்புக் கலையாமல் நின்றார். பாராட்டிப் பேசி முடித்து, கேசரி கொடுத்துக்கொண்டிருந்தபோது செல்வகுமாரி எழுந்தாள். முட்டியில் பட்டை, கையில் குச்சி.

“சரண்யா, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு மொதல்ல நான்தான உன் காலப் புடிச்சேன்?”

“ஆமா.”

“நீ தட்டுன. வலிச்சிதா?”

இத்தனை பேர் முன்னால் இதென்ன கேள்வி என்று சரண்யாவுக்குப் புரியவில்லை. அன்றைக்குச் சொன்னதையே சொன்னாள். “வலிச்சிதுடி. அதான் தட்டினேன்.”

“எனக்கு முட்டிக்குப் பயிற்சி குடுக்கிற ரோஸ்லின் அக்கா சொன்னாங்க. அந்தத் திருப்புல வலி முன்னாடி வராதாம். அறுந்த அப்புறந்தான் வருமாம். எனக்கு அப்புடித்தான் வந்துச்சு.” செல்வகுமாரியின் குரல் உயரவே இல்லை. “என் கை உன் குதிகால்ல மாட்டக்கூட இல்ல. உனக்கு மட்டும் எப்புடிடி வலிச்சிது?”

சரண்யா அப்பா பக்கம் திரும்பினாள். 

“வலிக்கல. வலிக்கிறதுக்கு முன்னாடியே தட்டணும்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் எனக்கு வலிச்சா தட்டுன்னு சொன்ன.”

“இன்னா பொண்ணும்மா நீ, நல்ல நாளும் அதுவுமா” என்று கமலக்கண்ணன் முன்னால் வந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. சிந்துவும் மற்ற பெண்களும் சரண்யாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு ஆமாம் என்று சாட்சி சொன்னவர்கள் அவர்கள்தான். சிந்து கேசரித் தட்டைக் கீழே வைத்தாள். மாஸ்டர் தலையைக் குனிந்து தன் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் எல்லோரும் வழக்கம்போலப் பயிற்சிக்கு வந்தார்கள். சரண்யா பயந்தது மாதிரி ஒருத்தியும் திட்டவில்லை. மாஸ்டர் ஜோடி பிரித்தார். சிந்து சரண்யாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள், கை குலுக்கினாள், மெத்தையில் இரண்டு முறை தட்டினாள். எழுந்து போனாள். அடுத்தவள் வந்தாள். கை குலுக்கினாள், தட்டினாள், போனாள். அதற்கு அடுத்தவளும் அப்படியே. தட்டியவளைத் தொடக்கூடாது. சரண்யாவால் என்ன செய்ய முடியும்?

தினமும் இதுதான் நடந்தது. கொட்டகையைப் பூட்டிவிடுவேன் என்று கமலக்கண்ணன் மிரட்டினார். “பூட்டுங்க மாமா” என்றாள் சிந்து. பூட்டினால் மகளுக்கு எதிரே உட்கார்ந்து தட்டக்கூட ஆள் இருக்காது என்று அவருக்கே தெரிந்தது. உலகப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த விளையாட்டைச் சுவரோடும் மூட்டையோடும் பழக முடியாது. எதிர்க்கிற ஒரு உடம்பு வேண்டும். சரண்யாவின் கை பிடிகளை மறந்துகொண்டே வந்தது, அது அவளுக்கே தெரிந்தது.

மெத்தையோரம் நாற்காலி போட்டு, பட்டை கட்டிய காலை நீட்டிக்கொண்டு, நேரம் பார்த்து மணி அடிப்பவள் செல்வகுமாரி. “தட்டிட்டா. நீ ஜெயிச்சிட்ட. அடுத்த ஆளு” என்பாள், ஒவ்வொரு தடவையும்.

உலகப் போட்டிக்குக் கிளம்ப வேண்டிய வாரம் சரண்யா மெத்தையிலேயே முழங்காலிட்டு அவள் நாற்காலி வரை நகர்ந்து போனாள். “ஒரே ஒரு ரவுண்டு விளையாடச் சொல்லுடி. நீ சொன்னா கேப்பாளுங்க. என்னால முடியலடி” என்று அழுதாள்.

செல்வகுமாரி குனிந்தாள். பழைய பழக்கத்தில் சரண்யாவின் நெஞ்சை மெதுவாக நீவிவிட்டாள்.

“வலிக்குதா?” என்று கேட்டாள். “வலிச்சா தட்டு.”

பிறகு நிமிர்ந்து மணியை அடித்து, அடுத்த பெண்ணைக் கூப்பிட்டாள்.