மேனேஜர் பேரில் வந்த மெயில்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அந்த உருக்காலையின் வாசலில் பழைய இரும்பு ஏற்றிய லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஜபீன் ஸ்கூட்டியை ஓரங்கட்டியபோது, டிரைவர்கள் தமிழிலும் தெலுங்கிலும் கேட் காவலர் தேசப்பனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மெயில் வரவில்லை, கேட் திறக்காது. அவ்வளவுதான்.

எளாவூர் செக்போஸ்ட்டை லாரி தாண்டியதும் அங்கிருக்கும் ஆலை ஆள் வண்டி நம்பரைப் பதிவார். உடனே கேட் கம்ப்யூட்டருக்கு மெயில் வரும். அந்த மென்பொருளை எழுதியவள் ஜபீன். பழவேற்காட்டு இறால் வியாபாரக் குடும்பத்துப் பெண், மணவாள நகரில் தனியாக ஆபீஸ் போட்டிருந்தாள். ஆலைக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்ததை, நேற்றுத்தான் இணையத்தில் வாடகைக்கு எடுத்த சர்வருக்கு மாற்றினாள். கரண்ட் போனாலும் நிற்காது என்று மேனேஜர் அன்புசெல்வனிடம் வாதாடி வாங்கிய சம்மதம்.

அவர் முகத்தில் இப்போது அந்தச் சம்மதம் இல்லை. மதியத்துக்குள் லாரி உள்ளே வராவிட்டால் உலை பட்டினி கிடக்கும் என்றார். அப்படி நடந்தால் பழைய ஏற்பாட்டுக்கே திரும்பிவிடுவதாகவும், அவளுக்கு இங்கே இனி வேலை இருக்காது என்றும் சொன்னார்.

ஜபீன் பதறவில்லை. முதலில் தன் ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பிப் பார்த்தாள். வந்துவிட்டது. ஆக, புது சர்வர் ஒழுங்காகத்தான் அனுப்புகிறது. அடுத்து, திரும்பி வந்த மெயில்களைப் புரட்டினாள். ஆலையின் மெயில் சர்வர் எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தது: இது எங்கள் முகவரி, வெளியிலிருந்து வந்தால் ஏற்க முடியாது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆரம்பத்தில் மெயில்கள் அவள் கம்பெனி பேரில்தான் போயின. மேனேஜர் சொல்லாமல் கேட்டைத் தொடமாட்டேன் என்று தேசப்பன் அடம்பிடித்ததால், அனுப்புநர் இடத்தில் அன்புசெல்வன் முகவரியையே போட்டுவிட்டாள். கம்ப்யூட்டர் ஆலைக்குள் இருந்தவரை அதை யாரும் தடுக்கவில்லை.

"சார், உங்க பேரைச் சொல்லிக்கினு வெளியாளு ஒருத்தன் உள்ள வந்தா தேசப்பண்ணன் இன்னா பண்ணுவாரு?"

"கழுத்தப் புடிச்சித் தள்ளுவாரு."

"உங்க மெயில் சர்வரும் அதத்தான் பண்ணிக்கினு இருக்குது."

மெயிலிலிருந்து தன் பேரை நீக்குவதில் அன்புசெல்வனுக்கு இஷ்டமில்லை. தன் பேரில் எங்கிருந்து வந்தாலும் விட்டுவிடும்படி மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லலாமே என்றார்.

"சொல்லலாம் சார். அப்பால எவன் வேணா உங்க பேர்ல மெயில் போட்டு, லாரியோட உள்ள வந்து, உங்க லோடையே வெளிய ஓட்டிக்கினு பூடுவான்."

சரி, நீக்கிவிடு என்றார் அவர். ஜபீன் அனுப்புநர் இடத்தில் தன் கம்பெனி முகவரியைப் போட்டாள். தேங்கிய மெயில்களை மறுபடி அனுப்பிவிட்டு அவரோடு கேட்டுக்கு நடந்தாள்.

கேட் கம்ப்யூட்டரில் மெயில்கள் வந்து இறங்கியிருந்தன. தேசப்பன் பார்த்தார், அசையவில்லை. இனி இந்தப் பேரில் வந்தால் போதும் என்று அன்புசெல்வன் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"எனக்கு மட்டும் சொன்னா பத்தாது சார். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் தலதான் உருளும். இவனுங்க எல்லாரும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

அன்புசெல்வன் தொண்டையைச் செருமிக்கொண்டு, டிரைவர்களைப் பார்த்து உரக்கச் சொன்னார். ஒருவர் விளங்காமல் விழிக்கவே தெலுங்கிலும் சொன்னார். தேசப்பன் மெயிலில் இருந்த நம்பரை முதல் லாரியின் நம்பரோடு ஒத்துப்பார்த்துவிட்டு, கேட்டைத் தள்ளித் திறந்தார்.

இரண்டாவது லாரியும் உள்ளே போனபிறகுதான் அன்புசெல்வன் திரும்பினார்.

"நம்ம ஆரணி குடோன் கேட்டுக்கும் இதையே போட்டுடும்மா."

"யார் பேர்ல சார்?"

"உன் பேர்லதான், வேற யாரு."