பொருந்தலையாம்

1

மருத்துவமனையில் என் முறைக்குக் காத்திருந்தபோது ஒரே ஒரு சொல் காதில் விழுந்தது. அறைக்குள்ளிருந்து வந்த பெண் சக்கர நாற்காலியில் இருந்தவனிடம் சொன்னாள்: "பொருந்தலையாம்." அவ்வளவுதான் நிஜம். இனி வருவதெல்லாம் என் கைவரிசை.

2

அவளை அக்கா ஆக்கினேன். திரைச்சீலை தைப்பவள். அவன் தம்பி; இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனவன். தன்னுடையதில் ஒன்றைத் தருவதாக இவள்தான் முதலில் சொன்னாள்.

டாக்டர் கதவைச் சாத்தினார். "டெஸ்ட்ல நல்லா பொருந்தியிருக்கு. ஆனா உங்களுக்கு மனசில்லைன்னா இப்பவே சொல்லிடுங்க. பொருந்தலைன்னு மட்டும் வெளியில சொல்லுவோம். காரணம் யாருக்கும் போகாது."

அவள் மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படியே சொல்லிடுங்க டாக்டர்."

3

இந்த இடத்தில் அவள் மனசைத் திறக்காமல் விட்டால், கல்நெஞ்சக்காரி என்று முடிவுகட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவீர்கள். திறந்து பார்த்தேன்.

அவள் தன் குழந்தைகளை நினைத்து—

(வேண்டாம். உடனே மன்னித்துவிடுவீர்கள்.)

மயக்க ஊசி போட்டபின் எழாமலே—

(இது யாருக்கும் வரும் பயம். இவளுடையது இல்லை.)

கடைசியில் அகப்பட்டது இதுதான். அம்மா படுத்த படுக்கையாய்க் கிடந்த காலம் முழுக்க இவள்தான் பார்த்துக்கொண்டாள். தம்பி ஞாயிறுதோறும் பழத்தோடு வந்து நல்ல பேர் வாங்கிக்கொண்டு போவான். 'இதுக்கும் நான்தானா?' என்று நினைத்தாள். நினைத்த மறுகணமே தன்மேல் அருவருப்பு வந்தது. ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை.

இதை அவள் கணவனிடம்கூடச் சொல்லப்போவதில்லை. சொல்ல ஆளில்லாத ஒன்றை யாராவது கேட்க வேண்டுமே! கதைக்காரர்கள் மனசைத் திறப்பது அதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்றால் நீதிமன்றம் போதும்.

4

வெளியே வந்து சொன்னாள். தம்பி அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"சரி, விடுக்கா. காலையிலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடல. வா, கேன்டீன் போகலாம்."

சில மாதங்கள் கழித்து, விபத்தில் இறந்துபோன யாரோ ஒருவரின் சிறுநீரகம் அவனுக்குக் கிடைத்தது. பிழைத்துக்கொண்டான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தன் பழைய வேலைக்கே திரும்பினான்.

அவனுக்கு விஷயம் தெரிந்—

(இல்லை. அவன் மனசைத் திறக்க மாட்டேன். அக்காவுக்குத் தெரியாதது உங்களுக்கு மட்டும் எதற்கு? வேண்டுமானால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.)

இப்போது அவளுக்கும் கற்றுக்கொடுக்கிறான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவள் அடிக்கடி பக்கத்து சீட்டுக்குத் திரும்புகிறாள்.

"ரோட்டைப் பாருக்கா," என்கிறான். "என் மூஞ்சியில என்ன இருக்கு?"