பாப்பி வந்தாச்சு

1

இந்தக் கதையின் நாயகருக்கு ஒரு பழக்கம் உண்டு. கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் திருத்துவார். மருந்துப் பெட்டி, பேருந்தின் முதுகு, பல் மருத்துவரின் பெயர்ப்பலகை, எதுவும் அவரிடம் தப்பாது. ஒருமுறை சுவரில் ஒட்டியிருந்த இரங்கல் அறிவிப்பில் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, "போனவர் போயிட்டார், பிழை இங்கேயே நிக்குதே சார்" என்று என்னிடம் வருந்தினார். முப்பத்தோர் ஆண்டுகள் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவர். க், ச், த், ப் எங்கே மிகும், எங்கே மிகாது என்பதை உறக்கத்திலும் சொல்வார். ஆகவே அங்கே அவருக்கு 'ஒற்று' என்று பெயர்.

அச்சகம் மூடப்பட்டது. ஐம்பத்து நான்காம் வயதில் ஒற்று ஒரு கேக் கடையில் சேர்ந்தார். கேக்கின்மேல் க்ரீமால் எழுதும் வேலை. பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் இச்செய்தியை என் வாசலில் நின்று சொன்னார். நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பைத் தவிர இந்தக் கதைக்கு வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் இல்லை.

2

முதலில் நீதிக்கதையாகத் தொடங்கினேன். ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு வேறென்ன வரும்?

"ஒரு குளத்தில் ஒரு கொக்கு இருந்தது. குளம் வற்றியதும் அது மரங்கொத்தியிடம் தொழில் கற்கப் போயிற்று. மரத்தின் முன்னே ஒற்றைக் காலில் நின்றது. புழு நீந்தி வரட்டும் என்று…"

(இங்கேயே நிறுத்திவிட்டேன். கொக்கு மிக அழகாக நின்றுவிட்டது. நான்கு நாட்களாக நகர மறுக்கிறது.)

அடுத்த தொடக்கம்: "விடாமுயற்சி உடையவன் எத்தொழிலையும் எவ்வயதிலும்…"

(இது கதை அன்று, பள்ளிக்கூடச் சுவர். இதையே நூறு முறை எழுதச் சொல்லிப் பல பிள்ளைகளுக்கு விடாமுயற்சியின் மேல் நிரந்தர வெறுப்பை வரவழைத்தவன் நான்.)

புதிய தொழிலுக்கு வெறும் பாத்திரமாக வா என்று அறிஞர்கள் கூறுவர். பாத்திரத்தில் முப்பத்தோர் ஆண்டுக் குழம்பு அடிப்பிடித்துக் கிடந்தால் எதைக் கொண்டு தேய்ப்பது என்பதை மட்டும் கூறமாட்டார்கள்.

3

கடையின் கேக் மாஸ்டர் ஒரு பெண். வயது ஒற்றுவின் வயதில் பாதி. க்ரீம் நிறைத்த கூம்புப் பையை அவர் கையில் கொடுத்து, எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்தார்.

"எழுதுங்க சார்."

"என்ன எழுதட்டும்மா?"

"எதையாவது. புழு மாதிரி இல்லாம இருந்தா போதும்."

ஒற்று எழுதினார். மாஸ்டர் குனிந்து பார்த்தார்.

"புழு மாதிரி இல்ல சார். செத்த புழு மாதிரி இருக்கு. வழிச்சுப் போட்டுட்டு மறுபடி எழுதுங்க."

நாளொன்றுக்கு நாற்பது தட்டு. எழுது, வழி, பையில் போடு, எழுது. ணகரத்தின் மூன்றாம் சுழியில் க்ரீம் குட்டையாகத் தேங்கியது. ழகரத்தின் வால் தட்டைவிட்டு இறங்கி மேசைக்குப் போயிற்று. கொடுமை என்னவென்றால், வாழ்நாளெல்லாம் பிறருக்குப் புள்ளி வைத்தவருக்குப் புள்ளி வைக்க வரவில்லை.

"புள்ளி வைக்கச் சொன்னா பந்து வைக்கிறீங்களே சார்!"

(முதல் வரைவில், ஒரே வாரத்தில் அவர் கைதேர்ந்துவிட்டதாக எழுதியிருந்தேன். கதைகளில் அப்படித்தான் நடக்கும். அவரே படித்துவிட்டு, 'ஒரு வாரம்' என்பதைச் சிவப்பில் அடித்து 'இருபத்தாறு நாள்' என்று திருத்தினார். தகவல் பிழையாம்.)

மாஸ்டரின் சட்டம் ஒன்றே ஒன்றுதான். "ஆர்டர் சீட்டுல என்ன இருக்கோ அதை எழுதுங்க சார். யோசிக்கிறது வாங்க வர்றவங்க பாடு."

4

இருபத்தேழாம் நாள் மாலை ஒற்றுவுக்கு முதல் உண்மையான கேக் தரப்பட்டது. சீட்டில் இருந்தவை இரண்டே சொற்கள்: பாப்பி வந்தாச்சு.

ஒற்று புன்னகைத்தார். பாப்பியாவது! அவசரத்தில் யாரோ துணைக்கால் போடவேண்டிய இடத்தில் மேல்விலங்கைச் சுழித்திருக்கிறார்கள். 'பாப்பா வந்தாச்சு' என்று எழுதி முடித்தார். என்ன அழகு! புள்ளி புள்ளியாகவே விழுந்தது. மாஸ்டர் அடுப்படியில் இருந்தார். பெட்டி மூடப்பட்டுப் போயிற்று.

மறுநாள் காலை ஓர் அம்மையார் கடைக்குள் வந்து நின்றார்.

"இதை எழுதின மகராசன் யாரு?"

"நான்தாம்மா. சீட்டுல சின்னப் பிழை. சரி பண்ணிட்டேன்."

"எனக்கு வயசு அறுபத்தொண்ணு. எனக்குப் பாப்பா வந்தாச்சாம். எதிர்வீட்டுக்காரி கையைக் குலுக்கிட்டுப் போறா."

மாஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மையார் சிரிக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து நாலு மாசம் பேச்சே இல்ல. போன மாசம்தான் வாயைத் தொறந்தாரு. 'பாப்பி'ன்னாரு. எவடா அந்தப் பாப்பின்னு பார்த்தேன். காப்பியாம்! அதுலேர்ந்து டம்ளரை நீட்டும்போதெல்லாம் 'பாப்பி வந்தாச்சு'ம்பேன். சிரிச்சுக்கிட்டே 'பாப்பி'ன்னு திருப்பிச் சொல்லுவாரு. அவருக்கு இருக்கிறது அந்த ஒரு சொல்லுதான். அதுக்குத்தான் கேக்கு. கேக்கையே ரொம்ப நேரம் பார்த்தாரு. நாம சொன்னது தப்பு, ஊரே திருத்துதுன்னு நினைச்சுட்டாரு போல. நேத்து மூடின வாய். காப்பியை நீட்டினா தலையைத் திருப்பிக்கிறாரு."

(இந்த அம்மையாரின் பேச்சையும் நான் முதலில் செந்தமிழில் திருத்தித்தான் எழுதினேன். 'வாய் திறந்தார், காப்பி என்பதே பொருளாம்' என்று. படித்துப் பார்த்தேன். பேசியவர் அவரல்லர், நான். பழையபடி அவர் வாயிலேயே வைத்துவிட்டேன்.)

5

முடிவுகள் மூன்று கைவசம் உள்ளன.

அ. கொக்கு இறுதியில் மரம் கொத்தக் கற்றது. (பாடநூலுக்கு உகந்தது.)

ஆ. ஒற்று பின்னாளில் மூன்று கேக் கடைகளுக்கு உரிமையாளராகி, மேடைகளில் வெற்றியின் இரகசியத்தை… (கைதட்ட விரும்புவோர் இங்கேயே எழுந்து போகலாம்.)

இ. மாஸ்டர் அவரை வேலையைவிட்டு அனுப்பி…

மாஸ்டர் அனுப்பவில்லை. எழுத்தில்லாத கேக் ஒன்றை எடுத்து வைத்து, "நான் எழுதித் தர்றேன் சார்" என்றார்.

"வேணாம்மா. தப்பு என்னுது."

"அது சரி. தப்பைத் தப்பாவே எழுத உங்களுக்கு வருமா?"

வரவில்லை. தட்டைக் கவிழ்த்து எழுதிப் பார்த்தார். பாப்பா. வழித்தார். பாப்பா. மறுபடியும் பாப்பா. முப்பத்தோர் ஆண்டுப் பிடிவாதம் விரல்நுனியில் உட்கார்ந்திருந்தது. அம்மையார் கைகளைக் கட்டிக்கொண்டு, தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஒன்பதாம் தட்டில் 'பாப்பி' விழுந்தது.

"போலாம்மா, உங்க வீட்டுக்கு," என்றார் ஒற்று அம்மையாரிடம்.

6

வீட்டில் அம்மையாரின் கணவர் சன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். பக்கத்து முக்காலியில் காப்பி ஆறி ஏடு படிந்திருந்தது. ஒற்று எதிரே தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். வெறும் கேக். கையில் க்ரீம் பையை எடுத்துக்கொண்டார்.

"ஐயா, நேத்து நான்தான் தப்பா எழுதிட்டேன். உங்க சொல்லு சரியான சொல்லு. எனக்குத்தான் எழுதத் தெரியல, புதுசு. நீங்க பார்த்துக்கிட்டே இருங்க. மாறினா கையைத் தட்டிவிடுங்க."

எழுதினார். பகரம் சாய்ந்தது. புள்ளி பழையபடி பந்தாயிற்று. அதன்பின் கை நின்றது. நாற்காலிக்காரர் தலையை மெல்லத் திருப்பி, அந்தக் கையையே பார்த்தார். ஒற்று மூச்சை அடக்கிக்கொண்டு, பகரத்தின் தலையில் மேல்விலங்கைச் சுழித்தார். கோணலாக, க்ரீம் வழிய, ஐயத்துக்கு இடமில்லாத ஒரு 'பி'.

அம்மையார் புதுக் காப்பியோடு வந்து நின்றார். "பாப்பி வந்தாச்சு," என்றார். குரல் அவருக்கே கேட்டிருக்காது.

நாற்காலிக்காரர் கேக்கைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், தரையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

அவர் சொன்னதை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் திருத்திவிடுவேன். கீழே இடம் விட்டிருக்கிறேன், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒற்று மிகுமா என்று மட்டும் பார்க்காதீர்கள்.

"…………"