மூன்றாவது ரேஸ்

பெங்களூரு அல்சூரில் வீடியோ கேம் தயாரிக்கும் அந்த ஆபீஸில் கேம் ஆடத் தெரியாத ஒரே ஆள், தரை துடைக்கும் பாஞ்சாலிதான். அதனால் 2004-இல், புதிதாக ஆட வருகிறவர்களுக்குக் கற்றுத்தர ஒரு செயற்கை அறிவை உருவாக்கியபோது, அதைச் சோதிக்க அவளையே கார் ரேஸ் கேம் முன்னால் உட்கார வைத்தார்கள்.

முதல் ரேஸில் சுவரில் மோதினாள். இரண்டாவதில் ஜெயித்துவிட்டாள்.

"சூப்பர்க்கா, அரை மணி நேரத்துல கத்துக்கிட்டீங்களே," என்றான் அந்தச் செயற்கை அறிவுக்கு புரோகிராம் எழுதிய ஹரிஷ்குமார்.

பாஞ்சாலிக்கு உறுத்தியது. இந்த ஆபீஸில் யாராவது அவளைப் புகழ்ந்தால், ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரச் சொல்லப்போகிறார்கள் என்று அர்த்தம். அதுவும் போக, சைக்கிள்கூட ஓட்டாத கைக்கு வளைவு இவ்வளவு சீக்கிரமாகவா பிடிபடும்?

மூன்றாவது ரேஸில், பெரிய வளைவு வருவதற்குள் கீபோர்டிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கார் அழகாகத் திரும்பியது. மற்ற கார்களையெல்லாம் முந்திக்கொண்டு போய் ஜெயித்தது. 'நன்றாகக் கற்றுக்கொண்டீர்கள்' என்று திரை வாழ்த்தியது.

கைதட்டப் போன ஹரிஷ்குமார் அவள் மடியைப் பார்த்தான்.

"இதுக்கு நான் எதுக்கு சார்?" என்று எழுந்தாள் பாஞ்சாலி. "அங்க பாதித் தரை தொடைக்காம கெடக்குது."