அத்தான் எழுதிய லைப்ரரி

“ஆறு மடங்கு மெதுவா ஓடுது” என்று நான் சொன்னதும் மீட்டிங் அறையில் எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. திருதிருவென்று முழித்தார்.

எங்கள் ஆபீஸ் புரோகிராம்கள் வெளி சர்வர்களிடம் கேட்டுப் பதில் வாங்கி வருவதற்காக, அக்கா வீட்டுக்காரர் மூன்று வருடம் உட்கார்ந்து எழுதிய புரோகிராம் தொகுப்பு, ஹெச்டிடிபி லைப்ரரி, அது. அதையே வைத்துக்கொள்வதா, வெளியில் கிடைக்கும் இன்னொன்றுக்கு மாறுவதா என்று சோதித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. மாறினால் அவருக்கு வேலை இருக்காது.

முதலில் சத்தியமாகத் தெரியாமல்தான் தப்புச் செய்தேன். ஒருமுறை திறந்த இணைப்பை மூடாமல் அடுத்த கேள்விக்கும் வைத்துக்கொள்வதுதான் அந்த லைப்ரரியின் உயிரே. நானோ லைப்ரரியைத் தொடங்கும் வரியை, திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள் எழுதிவிட்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் போனை வைத்துவிட்டு மறுபடி டயல் செய்கிற கதை. வெளி லைப்ரரிக்கு மட்டும் ஒழுங்காக லூப்புக்கு வெளியே எழுதியிருந்தேன். மீட்டிங்குக்கு முந்தின நாளே கண்ணில் பட்டது. ஒரே ஒரு வரி. மேலே தூக்கி வைத்திருந்தால் முடிந்தது. வைக்கவில்லை. “மாப்பிள்ளையப் பார்த்துக் கத்துக்கோடா” என்று அம்மா எட்டு வருடமாக என் உயிரை எடுக்கிறாள். கொஞ்சம் அவமானப்படட்டுமே என்று தோன்றியது. தோன்றியது என்ன, ஆசையாகவே இருந்தது.

மீட்டிங்கில் யாரோ என் சோதனையைச் சரிபார்க்கலாமே என்றார்கள். “நம்ம மாப்ள எழுதின சோதனை, தப்பா இருக்காது” என்று என்னைக் காட்டி அத்தானே மறுத்துவிட்டார். லைப்ரரியின் வேகத்தைக் கூட்டிக் காட்டத் திங்கள்கிழமைவரை அவகாசம் கேட்டு வாங்கினார்.

சனிக்கிழமை மத்தியானம் என்னையே வீட்டுக்குக் கூப்பிட்டார். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். அக்கா காபியை வைத்துவிட்டு, “இவன் வந்துட்டான்ல, இனிமே என்ன கவலை?” என்றாள்.

“இணைப்பைச் சேர்த்து வைக்கிற பகுதிதான் சுமையோ மாப்ளே? அதை எடுத்துட்டா உன் சோதனைல கொஞ்சம் வேகமா வருது.”

வரும்தான். என் சோதனையில் மட்டும் வரும். நிஜத்தில் செத்துப்போகும்.

“இருக்கலாம் அத்தான்.”

“தூக்கிடலாமா?”

“தூக்கிடுங்க.”

அந்தப் பகுதியின் எண்ணூறு வரிகளையும் தேர்ந்தெடுத்தார். திரை முழுக்க நீலமானது.

“எனக்குக் கை வரலடா. நீயே அழிச்சிடு” என்று கீபோர்டை என் பக்கம் நகர்த்தினார். அதில் பாதி எழுத்துகள் தேய்ந்து வழுவழுவென்று இருந்தன.