கல்லட்டி இறக்கம்

விடியுமுன்னே ஈஜிபுரா டிராவல்ஸ் ஷெட்டில் சந்திரன் வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். கிரீஸும் சேறும் முகத்தில் சொட்டின. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், பிரேக் லைனிங் பட்டை தேய்ந்து, அதைப் பிணைக்கும் ரிவெட் ஆணியின் தலை சக்கர டிரம்மை உரசியிருந்தது. சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குப் போய், கல்லட்டி வழியே இறங்க வேண்டிய வண்டி இது!

முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு. ஏறுவதுகூடப் பெரிதில்லை, இறங்குவதுதான் உயிரை வாங்கும். முதல் கியரில் வண்டியை இழுத்துப் பிடித்து, பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் இறக்க வேண்டும். அசந்தால் லைனிங் தீயும் நாற்றம் வரும். அப்புறம் பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் கால்தான் கீழே போகும்.

போன வாரம் இதே ஷெட் டிரைவர் யூஜினுக்கு அப்படித்தான் ஆனது. வேனைப் பாறையில் மோதி நிறுத்தினான். பயணிகள் பிழைத்தார்கள். அவன் இடுப்பு நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

"குடிச்சிட்டு ஓட்டினான். நம்ம டிரைவர் ரகுவே சொல்லிட்டான். நீயும் போலீஸ் ஸ்டேஷன்ல அதையே சொல்லிடு" என்று ஓனர் சேஷகிரி மறுநாளே சந்திரனைத் தனியறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். அவன் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம்.

ஸ்டியரிங் பிடிக்கிற நாளில் யூஜின் சொட்டுக்கூடத் தொடமாட்டான். அது ரகுவுக்குத் தெரியாதா? யூஜின் பார்த்த ஏர்போர்ட் டூட்டி இப்போது ரகுவுக்கு. சந்திரனைக் கண்டாலே பீடியை அணைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறான். பாவி, கூட இருந்தே குழி பறித்தானே! ஒரே டிபன் பாக்ஸில் கைவிட்டுச் சாப்பிட்ட டிரைவர்கள் இப்போது ஆளுக்கொரு மூலையில் தின்றார்கள்.

விடிந்ததும் யூஜினின் மனைவி பெர்னதெத் ஆட்டோவிலிருந்து இறங்கி, நேராகச் சந்திரனிடம் வந்தாள்.

"ஏண்ணா, எங்க வூட்டுக்காரர் குடிச்சிருந்தாருன்னு நீதான் சொன்னியாமே? ஓனர் சொல்றாரு. செலவுக்கு ஒண்ணும் தரமாட்டாராம்."

"நானா?" சந்திரன் ரகுவைக் கை காட்டினான். "சொன்னவன் தோ நிக்கறான், கேளும்மா!"

ரகு பாய்ந்து வந்தான். "டேய், நீ சொன்னேன்னுதானே ஓனர் என்னாண்ட சொன்னாரு! அதையே என்னையும் சொல்லச் சொன்னாரு!"

"என்னாண்டயும் சந்திரன் பேரத்தான் சொன்னாரு" என்றார் மூலையில் இருந்த கிழட்டு டிரைவர் மாதேவன்.

சந்திரனுக்குச் சுருக்கென்றது. ஓனர் ஒரே பொய்யை அறைக்குள் வைத்து ஆளுக்கு ஆள் ஊட்டியிருக்கிறார். தின்றுவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. ரகுவின் முகத்திலும் அதே வெட்கம்.

இடுப்பில் பேஜருடன் சேஷகிரி வந்தார். கன்னடம் கலந்தே பேசுவார். "ஏன்ப்பா, இன்னும் வண்டி எடுக்கல? பார்ட்டி வெயிட்டிங்."

"லைனிங் போயிடுச்சு சார். கல்லட்டில நிக்காது."

"சும்னே கதை சொல்லாதே. நீ போகாட்டி ரகு போவான்."

"ரகு போகமாட்டான் சார்" என்றான் ரகு. "லைனிங் மாத்துங்க. யூஜின் ஆஸ்பத்திரி செலவக் குடுங்க. ஸ்டேஷன்ல நாங்க எல்லாரும் ஒண்ணாவே போய் உள்ளதச் சொல்லிக்கறோம்."

"நாளைக்கே வேற டிரைவருங்க வருவாங்க, தெரியுமில்ல?"

"வரட்டும் சார். கழட்டின சக்கரத்த அவங்களுக்கும் காட்டறோம்" என்றார் மாதேவன்.

யாரும் நகரவில்லை. சேஷகிரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, சந்திரனின் தோளில் கை வைத்தார்.

"சந்திரா, ஸ்வல்பா, ஒரு நிமிஷம் உள்ள வா. உன்கிட்ட தனியா பேசணும்."

சந்திரன் அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டான்.

"தனியா வேணாம் சார். எதுவானாலும் இங்கயே பேசுங்க, எல்லார் காதுலயும் வுழட்டும்."