நாற்பத்தைந்து பந்துகள்

மீன் ரோல்ஸை இரண்டாவது தரம் கடித்த துஷ்யா அதை மென்று விழுங்க மறந்துபோனாள். அவள் கண் மைதானத்தின் தொலைவில் இருந்தது.

லண்டனின் மிச்சம் பகுதியில் பழைய மாணவர் சங்கத்தின் கிரிக்கெட் போட்டி நடந்துகொண்டிருந்தது. எல்லைக் கோட்டருகே நின்றவர் அவளுடைய அக்கா தாரகாவின் கணவர் சயந்தன். உருண்டு வந்த பந்தைக் குனிந்து எடுத்தார், எறிந்தார். பந்து வளையவுமில்லை, தரையில் குத்தவுமில்லை. நேரே போய் நடுத்தடியைப் பிடுங்கிக்கொண்டு போனது. ஓட்டம் எடுக்க ஓடிக்கொண்டிருந்தவர் பாதி வழியில் நின்று தலையில் கை வைத்தார்.

கிழமை நாட்களில் துஷ்யா ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் 'ஹெரன்ஸ்' என்ற சின்னப் பேஸ்போல் கழகத்தில் பிட்சர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். மேட்டில் நின்று, துடுப்போடு நிற்பவரை நோக்கிப் பந்தை எறிகிறவர்தான் பிட்சர். கழகத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் வேலை மாறி லீட்ஸுக்குப் போய்விட, மிஞ்சியவன் ஜெரோசன் மட்டும். ஒரு முழு ஆட்டத்தையும் ஒற்றைக் கையால் இழுக்க முடியாது. இழுத்தால் அந்தக் கை அடுத்த மாதம் அவளுடைய கிளினிக் கட்டிலில்தான் கிடக்கும்.

ஆட்டம் முடிந்ததும் அவள் நேரே போய்ச் சயந்தனுக்கு முன்னால் நின்றாள்.

"அத்தான், வலக்கையை ஒருக்காத் தூக்குங்கோ."

"ஏன்? நோகேல்லையே."

"நோகுதோ எண்டு நான் கேக்கேல்லை. தூக்குங்கோ."

தோளைப் பிடித்துப் பின்னுக்குத் திருப்பிப் பார்த்தாள். நாற்பத்தொரு வயது, பகலெல்லாம் ட்ராம் ஓட்டுகிற மனிதர். தோளோ தடையில்லாமல் திரும்பியது.

"பேஸ்போலுக்கு வாறீங்களோ?"

"தொப்பியைப் போட்டுக்கொண்டு சூயிங்கம் சப்புற விளையாட்டோ?"

"ஓம். தொப்பி நான் தாறன்."

சயந்தன் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே, "அந்தப் பந்து என்ன நிறை வரும்?" என்று கேட்டுத் தகவல் அனுப்பியிருந்தார்.

முதல் இரண்டு கிழமையும், பதினான்கு நாளும், அவள் அவருக்குப் பந்தைக் காட்டவேயில்லை. அக்கா வீட்டுப் பின்வளவில் நிற்கவைத்து, கையில் ஒரு சின்னத் துவாயைக் கொடுத்து, பந்தை எறிவதுபோல் அதை வீசச் சொன்னாள். கதவுப்பிடியில் றப்பர் பட்டியைக் கட்டி இழுக்கவைத்தாள். ஒற்றைக் காலில் நிற்கவைத்தாள்.

"முதல்லை கால் தரையிலை படவேணும். பிறகு இடுப்புத் திரும்பவேணும். கை கடைசியாத்தான் வரும். நீங்கள் கையாலை எறியப் பாக்கிறீங்கள். எறியிறது இடுப்பு."

"அப்ப கை என்னத்துக்கு?"

"பந்தைப் பிடிச்சிருக்க."

பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, துவாயால் ஈ, இலையான் கலைக்கிறாரா என்று தாரகாவிடம் கேட்டாராம். தாரகா அதை மூன்று நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

பந்து வந்தபோது இன்னொரு சிக்கலும் வந்தது. எல்லைக் கோட்டிலிருந்து எறிந்தபோது இயல்பாக மடங்கிய முழங்கை, மேட்டில் ஏறியதும் கம்புபோல் விறைத்துக்கொண்டது.

"இருபத்தைஞ்சு வருசமா, கிரிக்கெட்டிலை பந்து போடேக்கை கையை மடக்காதை, மடக்கினால் நோ போல் எண்டுதான் எல்லாரும் சொன்னவை," என்றார் சயந்தன். "இப்ப நீர் மடக்கச் சொல்லுறீர். கைக்கு ஆர் விளங்கப்படுத்துறது?"

அவரை மேட்டிலிருந்து இறக்கி, பத்து மீற்றர் தூரத்தில் நின்று சும்மா பந்து பிடித்து விளையாடினாள். கதைத்துக்கொண்டே எறியச் சொன்னாள். ட்ராமில் நடந்த கதைகள், யாரோ ஒரு பயணி மறந்துவிட்டுப்போன பலாப்பழத்தின் கதை என்று அவர் வாய் ஓட ஓட, கை தன்பாட்டில் மடங்கியது. ஒவ்வொரு நாளும் ஓரடி பின்னுக்கு நகர்ந்தார்கள். நான்காவது கிழமை அவர் மேட்டில் ஏறி எறிந்தபோது, பந்தைப் பிடிக்கக் குந்தியிருந்த ஜெரோசன் கையுறையைக் கழற்றி உள்ளங்கையை ஊதினான்.

எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று துஷ்யா நினைத்துக்கொண்டிருந்த நேரம், அக்கா வீட்டில் தோசை சாப்பிட உட்கார்ந்தாள். சயந்தன் இடக்கையில் கரண்டியோடு தோசையைக் குத்திக்கொண்டிருந்தார்.

"வலக்கைக்கு என்ன?"

"ஒண்டுமில்லை."

"அப்ப அந்தக் கையாலை தோசையைப் பிய்யுங்கோ பாப்பம்."

அவர் பிய்த்தார். முகம் சுளித்தது. துஷ்யா எழும்பிப் போய் முழங்கையின் உட்பக்கத்தை விரலால் அழுத்தினாள். அவர் கதிரையோடு ஓரடி பின்னால் போனார்.

உண்மையைத் தாரகாதான் சொன்னாள். ஷிப்ட் முடிந்து வந்ததும் அவர் பின்தெருவுக்குப் போய், கராஜ் சுவருக்கு எறிகிறாராம். ஒருநாள் எண்ணிப் பார்த்தாளாம். நூற்று எண்பதுக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள்.

துஷ்யாவுக்குக் கோபம் வந்தது. "ஏன் எனக்கு ஒளிச்சனீங்கள்? ஒவ்வொரு நாளும் கேட்டனான் எல்லே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பதில் அடுப்படியிலிருந்து வந்தது.

"நீ நோகுதோ எண்டு கேக்கிறாய். ஓம் எண்டால் உடனை பந்தைப் பறிக்கிறாய்," என்றாள் தாரகா, தோசையைத் திருப்பிப் போட்டபடி. "போன கிழமை ஜெரோசனுக்கும் அப்பிடித்தானே செய்தனி. பிறகு ஆர் உனக்கு உண்மை சொல்லுவினம்?"

  கிளினிக்குக்கு வருகிற ஆட்கள் நோவைச் சொல்லத்தான் வருகிறார்கள். விளையாடுகிறவர்களோ அதை மறைக்க வருகிறார்கள். அந்த வித்தியாசத்தைத் துஷ்யா யோசித்துப் பார்த்ததேயில்லை.

நல்லவேளையாகக் கிழிந்தது எதுவுமில்லை. மிதமிஞ்சிய வேலையால் சதை வீங்கியிருந்தது. பத்து நாள் ஓய்வு, பிறகு திரும்பவும் பத்து மீற்றரிலிருந்து. அதோடு ஒரு புது ஒப்பந்தமும் போட்டாள். ஒவ்வொரு நாளும் நோவுக்கு ஒரு இலக்கம் அனுப்பவேண்டும். பூச்சியம் முதல் பத்துவரை. மூன்றுவரை எறியலாம், ஆனால் அவள் சொல்கிற அளவுக்குத்தான். நான்கோ அதற்கு மேலோ என்றால் அன்றைக்கு மட்டும் நிறுத்தம். "இலக்கத்தைச் சொன்னதுக்காக உங்களை அணியிலையிருந்து எடுக்கமாட்டன். பொய் சொன்னால் எடுப்பன்."

இலக்கங்கள் வரத் தொடங்கின. விம்பிள்டனில் ட்ராம் திரும்புகிற இடைவேளையில் ஒன்று வரும்: 'இரண்டு.' பின்னேரம் இன்னொன்று: 'ஒண்டரை. அரைக்கு என்ன செய்யிறது?' ஜெரோசனும் கேட்காமலே அனுப்பத் தொடங்கினான். அவனுடைய இலக்கம் ஒருநாள் ஐந்தாக இருந்தது. பந்து பறிபோன நாளுக்குப் பிறகு அவன் நோவைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. அவள் அன்றைக்கு அவனை நிறுத்தி, அந்தக் கிழமைப் பயிற்சியைப் பாதியாகக் குறைத்தாள்; அணியில் அவன் பெயர் அப்படியே இருந்தது.

ஓகஸ்ட் மாதத்து ஞாயிறு ஒன்றில் சயந்தனுக்கு முதல் ஆட்டம். நாற்பத்தைந்து பந்துகள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தாள். ஒவ்வொரு பந்துக்கும் கையிலிருந்த எண்ணும் கிளிக்கரை அமுக்கினாள். முதல் மூன்று இன்னிங்ஸில் எதிரணி ஒரேயொரு ஓட்டம்தான் எடுத்தது. வேலியோரத்தில் மடக்குக் கதிரை போட்டிருந்த தாரகா, விதிமுறை ஒன்றும் விளங்காமலே ஒவ்வொரு பந்துக்கும் கை தட்டினாள்.

நான்காவது இன்னிங்ஸில் ஹெரன்ஸ் ஒரு ஓட்டம் முன்னுக்கு. எதிரணியில் இருவர் ஆட்டமிழந்தாயிற்று; மூன்றாமவரும் இழந்தால் இன்னிங்ஸ் முடியும். ஆனால் மூன்று தளங்களிலும் எதிரணி ஆட்கள், ஓடி ஓட்டம் எடுக்கக் காத்து நின்றார்கள். கிளிக்கர் நாற்பத்தொன்று காட்டியது. சயந்தன் பந்தை எடுத்து முழங்கையை ஒருதரம் உதறினார். துஷ்யாவைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. அவள் நடுவரிடம் இடைநிறுத்தம் கேட்டுக்கொண்டு மேட்டுக்கு நடந்தாள்.

"எத்தினை?"

அவர் துடுப்புக்காரரைப் பார்த்தார். மூன்று தளங்களையும் பார்த்தார். இரண்டு என்று சொன்னால் அவளால் மறுக்கமுடியாது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"நாலு," என்றார் சயந்தன். "இப்பத்தான். இந்தக் கடைசிப் பந்தோடை."

பந்தை அவள் கையில் வைத்தார்.  துஷ்யா அவர் கையைப் பிடித்து ஒருதரம் குலுக்கினாள்.

முதலாம் தளத்தில் நின்ற ஜெரோசன் மேட்டுக்கு வந்தான். அவன் விட்டுவந்த, எறியும் வேலை குறைந்த அந்த இடத்துக்குச் சயந்தன் போனார். ஜெரோசனின் இரண்டாவது பந்தைத் துடுப்புக்காரர் ஓங்கி அடித்தார். அது உயர உயரப் போய், முதலாம் தளத்துக்குப் பின்னால் இறங்கியது. சயந்தன் திரும்பி ஓடினார். இடக்கையில் பெரிய தோல் கையுறை இருந்தது. அவருக்கு அது ஞாபகமே வரவில்லை. வெறும் வலக்கையை நீட்டிப் பந்தைப் பிடித்து, தரையில் உருண்டு எழும்பினார்.

அணி முழுக்கக் கத்திக்கொண்டு அவர்மேல் விழுந்தது. அந்தக் கூட்டத்தை இடித்துக்கொண்டு துஷ்யா புகுந்தாள்.

"எந்தக் கையாலை பிடிச்சனீங்கள்?"

அவர் வலக்கையைப் பின்னால் மறைத்தார். பிறகு யோசித்து, முன்னால் நீட்டினார். உள்ளங்கை செம்பருத்திப்பூப்போல் சிவந்திருந்தது.

"ஆறு," என்றார். "ஆனால் சந்தோசமான ஆறு."

ஹெரன்ஸ் ஏழுக்கு ஐந்தாக வென்றது. வீட்டுக்குப் போகும் வழியில் துஷ்யாதான் காரை ஓட்டினாள். பக்கத்து இருக்கையில் சயந்தன் முழங்கையில் ஒரு ஐஸ் பையும் உள்ளங்கையில் ஒரு ஐஸ் பையுமாகச் சாய்ந்திருந்தார். பின்னாலிருந்து தாரகா கேட்டாள்:

"அப்ப அடுத்த மட்ச் எப்ப?"

"கோச்சைக் கேளும்," என்றார் சயந்தன், கண்ணை மூடியபடி.

அவர் அவளை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. துஷ்யா வீதியையே பார்த்தபடி ஓட்டினாள். சிரிப்பை அடக்கத்தான் முடியவில்லை.

"இரண்டு கிழமையாலை," என்றாள். "அதுவரைக்கும் அந்தக் கராஜ் பக்கம் போகப்படாது."

"போனால் இலக்கம் அனுப்புறன்," என்றார் அவர். கார் மிச்சம் பகுதிக்கு வந்து சேர முன்பே குறட்டை கேட்டது.